இரண்டாம் நம்பர் கதவு

ஓசூர் சிப்காட்டில் அந்த மருந்துக் கம்பெனியின் மாடி லேபில் இரண்டு இன்குபேட்டர்கள் உண்டு. ஆளுயரப் பெட்டிகள். ஒன்றாம் நம்பர் மணிமேகலையுடையது, இரண்டாம் நம்பர் சுப்ரியாவுடையது. நடுவில் நாலடி இடைவெளி. அந்த ஆடி மாதம் மணிமேகலை அந்த நாலடியில் நடந்த நடையைக் கூட்டிப் பார்த்தால், கிருஷ்ணகிரிக்கு நடந்தே போய்த் திரும்பியிருக்கலாம். வழியில் சூளகிரியில் உட்கார்ந்து ஒரு காபியும் குடித்திருக்கலாம்.

பெட்டிக்குள் இருந்தவை செல்கள். என்றைக்கோ ஒரு சீன வெள்ளெலியின் உடம்பிலிருந்து எடுத்து, மூட்டுவாத ஊசிக்கான மருந்தைச் சுரக்கும்படி பழக்கி வைத்தவை. குடுவையில் சத்து நீரை ஊற்றி அதில் இவற்றை விட்டால் பெருகும். பெருகினால் மருந்து. ஆனால் இவை லேசுப்பட்ட விருந்தாளிகள் அல்ல. மனுஷ உடம்பின் சூடு வேண்டும். காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்திருக்க வேண்டும். பதினாலு நாளும் இரவு பகல் ஓயாமல் குடுவையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த நாளில் எந்தத் தீனி, எத்தனை சொட்டு என்று கணக்குப் பார்த்து ஊட்ட வேண்டும். தலைதீபாவளிக்கு வந்த மருமகனுக்குக்கூட இந்த மாவட்டத்தில் அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை.

அந்தத் தீனிக் கணக்கில்தான் போட்டி. கம்பெனியின் பின்பக்கம் ஐம்பது லிட்டர் கலனோடு புதிதாக ஒரு ஹால் கட்டி முடித்திருந்தார்கள். குடுவையில் உள்ளங்கை அளவு வளர்ந்ததை அங்கே கொண்டுபோய்ப் பெரிதாக்க வேண்டும். லேபின் தலைவர் மாதவன் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு தீனிக் கணக்கைப் போட்டுப் பதினாலு நாள் வளருங்கள், யாருடைய குடுவையில் லிட்டருக்கு அதிகக் கிராம் மருந்து வருகிறதோ அவருடைய முறைதான் ஹாலுக்குப் போகும், ஹாலின் பொறுப்பும் அவருக்கே என்று சொல்லிவிட்டார்.

மணிமேகலைக்கு அந்த ஹால் வேண்டும். அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து வேண்டும். கெலமங்கலத்தில் குடமிளகாய் போடும் நாராயணப்பனின் மகள், இந்த லேபில் பத்து வருஷம் குடுவை கழுவி, குடுவை எண்ணி, குடுவைக்குத் தாலாட்டுப் பாடாத குறையாக உழைத்தவள். ஹாலுக்குக் கதவு வைப்பதற்கு முன்பே, தன் மேஜை எந்த ஜன்னலோரம் இருக்க வேண்டும் என்று மனசில் போட்டு வைத்திருந்தாள். சுப்ரியாவோ கரூரிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆன பெண். வயது இருபத்தேழு. வேலை சுத்தம், கையெழுத்து அச்சடித்த மாதிரி. ஒரு வார்த்தைக்கு ஒரு ‘அக்கா’. அந்த அக்கா ஒவ்வொன்றும் மணிமேகலையின் காதில் மிளகாய்ப்பொடியாகப் போய் விழுந்தது. ஏசினால் பதிலுக்கு ஏசலாம். அக்கா என்று கூப்பிடுகிறவளை என்ன செய்வது?

மூன்றாம் நாள் காலை சோதனைக்கு மாதிரி எடுக்க சுப்ரியா கதவைத் திறந்தபோது மணிமேகலையின் கண்ணில் அது பட்டது. தன் குடுவைகள் இன்னும் தெளிந்த தண்ணீராக நிற்க, பக்கத்துக் குடுவைகளில் லேசாகப் பால் கலந்த மாதிரி ஒரு கலங்கல். கலங்கினால் செல் பெருகுகிறது என்று அர்த்தம். அந்த நிமிஷம் மணிமேகலையின் வயிற்றில் பற்றிய தீயில் அவள் குடியிருக்கும் மூக்கண்டப்பள்ளி முழுவதற்கும் சோறு வடித்திருக்கலாம்.

அதன் பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. இன்னும் கலங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவில் கண்ணாடி உண்டு, ஆனால் இரண்டு பெட்டியிலும் உள்விளக்கு ஃபியூஸ் போய் நாலு மாதம். பல்பு கேட்டு எழுதிய கடிதம் பெங்களூரு ஆபீசில் மேஜை மேஜையாகச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தது. இருட்டுக் கண்ணாடியில் தன் மூஞ்சிதான் தெரியும். அதை அந்த நாட்களில் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை. ஆகவே திறந்தாள்.

அவரவர் கதவை அவரவர்தான் திறக்க வேண்டும் என்பது எங்கும் எழுதி வைக்காத வழக்கம். அடுத்த வீட்டு அடுப்பில் கொதிக்கிற குழம்பின் மூடியைத் தூக்கிப் பார்ப்பதில்லையே, அதுபோல. மணிமேகலை தூக்கிப் பார்த்தாள். காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு தடவை. சுப்ரியா சாம்பிள் குழாயோடு மைக்ராஸ்கோப் அறைக்குப் போனதும் ஒரு தடவை. டீ நேரத்தில், சாப்பாட்டு நேரத்தில், சுப்ரியா அம்மாவோடு போனில் பேச மாடிப்படிக்குப் போகும் நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை குடையை மறந்துவிட்டேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்து ஒரு தடவை பார்த்தாள். வாசல் வரை போய், குடையை மறுபடியும் மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தாள். கையால் எதையும் தொடவில்லை, அதில் அவள் உத்தமி. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் உற்றுப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பார்வை சாதாரணமானதல்ல. மணிமேகலையின் கண்ணுக்குச் சொந்தக்காரர்களிடையே பெரிய பேர். சித்தி மகளின் பட்டுப் புடவையை நல்லா இருக்கு என்றாள், சாயங்காலத்துக்குள் ஆணியில் மாட்டிக் கிழிந்தது. எதிர்வீட்டுப் புது ஸ்கூட்டரை ஒரு பார்வை பார்த்தாள், அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் இரண்டு சக்கரமும் பஞ்சர். அவள் வருகிறாள் என்றால் கெலமங்கலத்தில் கறவை மாட்டைக் கொட்டகையின் பின்பக்கம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட கண்ணை நாளுக்கு ஒன்பது தடவை அந்தக் குடுவைகள் மேல் வைத்தாள்.

அவை வளர்ந்தன. பாலாயின, பிறகு கெட்டிப் பாலாயின. பார்க்கப் பார்க்க இன்னும் செழித்தன. அவள் கண் முதல் தடவையாகத் தோற்றது.

லேபைத் துடைக்கும் சென்னம்மா எல்லாவற்றையும் மாப்புக் கட்டையின் மேல் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் மேஜையிலிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து, இரண்டாம் நம்பர் கதவின் மூலையில் கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். யார் வைத்தது என்று சுப்ரியா சிரித்துக்கொண்டே கேட்டதற்கு, இருக்கட்டும்மா, பெட்டிக்கு நல்லது என்று பாதித் தெலுங்கில் சொல்லிவிட்டு மணிமேகலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பதினாலாம் நாள் முடிவு வந்தது. சுப்ரியா லிட்டருக்கு ஐந்து கிராம் சொச்சம். மணிமேகலை மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே. மாதவன் கை கொடுத்தார், சுப்ரியா மைசூர்பாகு வாங்கி வந்தாள். அக்கா, நீங்க முதல்ல எடுங்க என்று டப்பாவை நீட்டினாள். மணிமேகலை ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். சாயங்காலம் மூக்கண்டப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கும் வரை அது அவள் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

பெரிய கலனுக்குக் கொண்டுபோவதற்கு முன் அதே முறையை இன்னொரு தடவை குடுவையில் வளர்த்துக் காட்ட வேண்டும், ஒரு தடவை வந்ததை யாரும் நம்புவதில்லை. சுப்ரியா அதே செல், அதே தீனி, அதே பெட்டி என்று மறுபடி வளர்த்தாள். இந்தத் தடவை மணிமேகலை அந்தப் பக்கமே போகவில்லை. தோற்ற பிறகு பார்க்க என்ன இருக்கிறது? இரண்டாம் நம்பரைத் தாண்டும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பதினாலு நாள் கழித்து மூன்றே கால் கிராம் வந்தது.

சுப்ரியா தன் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எங்கும் தப்பு இல்லை. மாதவனுக்கு முகம் இறுகிவிட்டது. வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து தரக்கட்டுப்பாட்டு ஆட்கள் வருகிறார்கள். வராத எண்ணை வந்ததாக எழுதினாள் என்று அவர்கள் முடிவு கட்டினால் சுப்ரியாவுக்கு இந்தக் கம்பெனியில் மட்டுமல்ல, ஓசூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை எந்த லேபிலும் ஒரு ஸ்டூல்கூடக் கிடைக்காது. அவர் மணிமேகலையைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணின் ரெக்கார்டு முழுவதையும் அலசி வியாழக்கிழமை சொல்லுங்கள் என்றார். முதல் தடவை எழுதியது பொய் என்றால் ஹால் பொறுப்பு உங்களுக்குத்தான் என்று சொல்லவில்லை, ஆனால் ஜன்னல் வழியே அந்தக் கட்டடத்தை ஒரு பார்வை பார்த்தார். அது போதாதா.

மணிமேகலை பண்டிகைக்குக் கிளம்புகிற உற்சாகத்தோடு வேலையில் இறங்கினாள். நோட்டில் ஒன்றும் சிக்கவில்லை. எடை போட்ட சீட்டு, மருந்து அளந்த சீட்டு எல்லாம் கச்சிதம். கடைசியாக இன்குபேட்டரின் ஞாபகத்தைப் பென் டிரைவில் இறக்கினாள். சூடு எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று அந்தப் பெட்டி நிமிஷத்துக்கு நிமிஷம் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும். அப்படி எழுதுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் படித்ததில்லை.

சூட்டின் கோடு ஒழுங்காக இருந்தது, கதவைத் திறந்தால் லேசாக இறங்கி உடனே ஏறிக்கொண்டது. வாயுவின் கோடுதான் வேறு மாதிரி. ஐந்தில் நேராகப் போக வேண்டியது, சீப்பின் பல் மாதிரி இறங்கி ஏறி இறங்கி ஏறி ஓடியது. திறக்கும்போதெல்லாம் வாயு வெளியே போயிருக்கிறது. கிழட்டுப் பெட்டி, மறுபடி நிரம்ப முக்கால் மணி நேரம் எடுத்திருக்கிறது. நிரம்பிக் கொஞ்ச நேரத்திலேயே அடுத்த பள்ளம். நேரத்தைப் பார்த்தாள். எட்டு ஐம்பது. பத்தேகால். பதினொன்று பத்து. ஞாயிற்றுக்கிழமை இரண்டு, நடுவில் பத்தே நிமிஷ இடைவெளி. அந்தக் குடை அவளுக்கு ஞாபகம் வந்தது.

பள்ளங்களை எண்ணினாள். சோதனைக்கு மாதிரி எடுக்க சுப்ரியா திறந்ததைக் கழித்து நூற்றுப் பதினொன்று.

இரண்டாம் தடவையின் கோட்டை எடுத்தாள். நாளுக்கு ஒரே பள்ளம். மற்றபடி நேர்கோடு.

பத்து வருஷ அனுபவம் சும்மா போகவில்லை, அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. செல்லும் மூச்சு விடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அது விட்ட கரியமில வாயுவே அதன் கழுத்தை நெரிக்கிறது. மழை நாளில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு அறுபது பேரோடு போகிற கம்பெனி பஸ் மாதிரி. அந்த பஸ்ஸின் கதவைத்தான் அவள் நாளுக்கு ஒன்பது தடவை திறந்து விட்டிருக்கிறாள். செல்கள் ஆகா என்று மூச்சு வாங்கி மருந்தாகச் சுரந்து தள்ளியிருக்கின்றன.

ஒரு நல்ல மனுஷி அந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பாள். மணிமேகலைக்கு முதலில் வந்தது கர்வம். மூன்றே காலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒன்றே முக்கால் கிராம் என்னுடையது என்று நினைத்தாள். அடுத்த நினைப்பில் தன் ஒன்றாம் நம்பரின் கோட்டையும் இறக்கிப் பார்த்தாள். அவளே திறந்த பள்ளம் நாளுக்கு ஒன்று. மற்றபடி அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. பதினாலு நாளில் ஒருத்தரும் அவளுடைய கதவைத் திறந்து பார்த்திருக்கவில்லை. ஒரு தடவைகூட இல்லை. சுப்ரியாவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை. மைசூர்பாகைவிட இது கசந்தது.

சாயங்காலம் வீட்டில் கணவனிடம் சொன்னாள். விஜயகுமார் வண்டிப் பாகம் செய்யும் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவன். எதையும் நல்லது, கழிவு என்று இரண்டு டப்பாவில் போட்டுப் பழகியவன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டான்.

“சொல்லாம விட்டா?”

“ஹால் எனக்கு.”

“அப்ப விடு. இதுக்குத்தானே இத்தனை நாளா சாமியாடிட்டு இருந்த.”

“விட்டா அவ பொய் எழுதினான்னு ஆயிடுங்க.”

“அவ மேல உனக்கென்ன புதுசா பாசம்?”

“பாசமாவது மண்ணாவது” என்றாள் மணிமேகலை. “நான் நூத்திப் பதினோரு தடவை நடந்து, கால் வலிக்க நின்னு செஞ்ச வேலைங்க அது. அதப் போயி அவ கைத்தப்புன்னு குப்பையில போடுவாங்க. என்னால அது ஆகாது.”

விஜயகுமார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். எந்த டப்பாவில் போடுவது என்று அவனுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மாதவனின் அறையில் சுப்ரியா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது, தலைமுடி மட்டும் வழக்கம்போல ஒரு இழை கலையாமல். அதையும் மணிமேகலை கவனித்தாள். இரண்டு காகிதத்தை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சீப்புப் பல் எது, நேர்கோடு எது, வாயு குறைந்தபோது செல் என்ன செய்தது என்று வகுப்பெடுப்பது போல விளக்கினாள். மாதவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“யார் திறந்தது இத்தனை தடவை?”

“நான்தான் சார்.”

“எதுக்கு?”

மணிமேகலை அதற்கு ஏழு விதமான பதிலைப் பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன் என்பதில் ஆரம்பித்து நல்ல நல்ல பதில்கள். ஒன்றும் வாயில் வரவில்லை.

“பொறாமை சார்.”

சுப்ரியா அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு பள்ளமாக விரலை வைத்துக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வந்ததும் விரல் நின்றது.

“லீவு நாள்லயுமாங்கக்கா?”

“குடை எடுக்க வந்தேன்.”

“ரெண்டு தடவையா?”

சுப்ரியா முதலில் மூக்கை உறிஞ்சினாள், பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மாதவன் தண்ணீர் பாட்டிலைத் தள்ளினார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாதவன் விஞ்ஞானி. பாவத்தைவிட வாயுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்கே மணிமேகலைக்கு ஒரு மெமோ அடித்துக் கையில் கொடுத்தார். அடுத்தவர் பெட்டியை அனுமதியின்றித் திறந்த குற்றம். அதே கையோடு, கண்டுபிடித்ததற்காக அறிக்கையில் அவள் பெயரும் வரும் என்றார். ஒரே கவரில் இரண்டையும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன ஒரே ஊழியர் அந்தச் சிப்காட் வரலாற்றிலேயே அவளாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் கோட்டைப் பார்த்துவிட்டு, நிரூபித்துக் காட்டுங்கள் என்றார்கள். ஆகவே அடுத்த பதினாலு நாள் இரண்டாம் நம்பர் கதவை அதே நேரப்படி திறந்து பிடிக்க வேண்டும் என்று மணிமேகலைக்கு எழுத்தில் உத்தரவு போடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவையும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் சுப்ரியா பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்று, போதும்க்கா, சாத்துங்க என்பாள். வெளிச்சத்தில் நின்று உத்தரவின்படி எட்டிப் பார்ப்பதைப் போல ருசியில்லாத வேலை உலகத்தில் கிடையாது. ஒன்றாம் நம்பரில் சுப்ரியாவின் தீனியையே போட்டு, கதவைத் திறக்காமல் வாயுவை மட்டும் ஐந்தாம் நாள் முதல் நூற்றுக்கு இரண்டு பங்காகக் குறைத்து வைத்தார்கள். இரண்டு பெட்டியிலும் ஐந்து கிராம். வயிறு எரியாமல் திறந்தாலும் வளருதே என்று சென்னம்மா மாப்புக் கட்டையிடம் சொன்னாள்.

வாயு சரியான பிறகு யாருடைய தீனி நல்லது என்று மறுபடி பார்ப்பதுதான் நியாயம் என்றார் மாதவன். ஹால் மறுபடியும் போட்டிக்கு வந்தது. அவரவர் பெட்டி, பதினாலு நாள். இந்தத் தடவை ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நோட்டுத் தொங்கவிடப்பட்டது. யார் திறந்தாலும் பேரையும் நேரத்தையும் எழுத வேண்டும்.

மணிமேகலை பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் நம்பர் பக்கம் போகாமல் இருந்தாள். அவள் பல்லைக் கடித்த சத்தத்தில் அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிக்காரர்கள் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தார்கள். தன் குடுவைகள் இந்தத் தடவை சீக்கிரமே கலங்கின. சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் நாள், வாயு ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்கத் தன் பெட்டியின் கோட்டை இறக்கினாள்.

முந்தின நாள் மாலை நாலு பத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. சின்னது, குழந்தைக்கு முளைத்த முதல் பல் மாதிரி. நாலு பத்துக்கு அவள் கேன்டீனில் போண்டா தின்றுகொண்டிருந்தாள். நோட்டில் அந்த நேரத்துக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவள் அந்தப் பள்ளத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேன்டீனுக்குப் போய் இன்னொரு போண்டா வாங்கித் தின்றாள்.

அடுத்த நாள் இரண்டு பள்ளம். அதற்கடுத்த நாள் மூன்று. பதினாலு நாள் முடிவில் மொத்தம் பதினொன்று.

சுப்ரியாவுக்கு ஐந்தே கால் கிராம் வந்தது. மணிமேகலைக்கு ஐந்துக்கு ஒரு மயிரிழை கீழே. ஹால் சுப்ரியாவுக்குப் போயிற்று, ஜன்னலோர மேஜை உட்பட. அந்த வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் தனக்கு வந்திருக்கும் என்பது மணிமேகலைக்குத் தெரியாமலில்லை. அன்று முழுக்க அவள் பக்கத்தில் போனவர்களுக்கு அனல் அடித்தது.

சாயங்காலம் சுப்ரியா மறுபடியும் மைசூர்பாகு டப்பாவோடு வந்தாள்.

“இந்தத் தடவை நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு நெனச்சேங்கக்கா. ஒன்பதாம் நாளே உங்களுது கெட்டிப் பால் மாதிரி இருந்துச்சு. எனக்கு அன்னிக்குத் தூக்கமே இல்லை.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. மணிமேகலை டப்பாவிலிருந்து இரண்டு துண்டை எடுத்துக்கொண்டாள். இரண்டும் சுகமாக இறங்கின.

அந்தப் பதினோரு பள்ளம் கொண்ட காகிதத்தை அவள் மாதவனிடம் காட்டவில்லை. நாலாக மடித்து, வீட்டு பீரோவில் ரேஷன் கார்டும் கல்யாணப் பதிவுச் சீட்டும் இருக்கிற கவரில் வைத்தாள். அது என்ன என்று விஜயகுமார் கேட்டான். மெடல் என்றாள்.

அதற்கடுத்த வாரம் பெங்களூரிலிருந்து பல்பு வந்தது, இரண்டு. சென்னம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். மணிமேகலை ஏறி நின்று இரண்டாம் நம்பரில் ஒன்றை மாட்டினாள். பெட்டி உள்ளே பளிச்சென்று எரிந்தது. கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது, இனி யாரும் அதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி, தன் மேஜையின் கடைசி டிராயரில் பழைய டிஷ்யூ பேப்பருக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

“உங்க பெட்டிக்கு வேணாமாம்மா?” என்று சென்னம்மா கேட்டாள்.

“அவசரமில்லை” என்றாள் மணிமேகலை.